திண்டுக்கல் பட்டறை முதல் லேசர் ராக்கெட் வரை: ‘ஹைதர் காலத்து’ டெக்னாலஜியின் கதை

பழைய போன், ஆட்டம் காணும் டவுன் பஸ், நாலு உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர். இதில் எதைப் பார்த்தாலும் நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: ‘ஹைதர் காலத்து’ சமாச்சாரம். ரொம்பப் பழசு, இனி உதவாது என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ஹைதர் அலி, தன் காலத்தில் புது டெக்னாலஜியைத் தேடித் தேடிப் பிடித்த ஆள். அவருடைய படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை ஏவிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பியப் படைகளிடம் அப்படி ஒரு ஆயுதம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், பிரெஞ்சு நிபுணர்களை வேலைக்கு வைத்து முதன்முதலாக ஓர் ஆயுதப் பட்டறை அமைத்த ஊர் நம் திண்டுக்கல்.

இப்போது ஏன் இந்தக் கதை? தரையில் இருந்து ஒளிக்கற்றையைப் பாய்ச்சி விண்கலங்களை மேலே ஏற்றவும், பத்திரமாகக் கீழே இறக்கவும் முடியுமா என்று விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். கேட்பதற்கு சினிமா மாதிரி இருக்கும். ஆனால், ராக்கெட் என்ற பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய சிக்கலுக்கு அவர்கள் தேடும் விடை அது. அதே சிக்கலோடு 18ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டியவர்களின் தலைவர்தான் ஹைதர். அவர் வாழ்க்கை வழியாகப் போனால், லேசர் விஷயமும் எளிதாகப் புரியும்.

ராக்கெட்காரர் வீட்டுப் பிள்ளை

இன்றைய கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ள பூதிக்கோட்டையில், 1720-22 வாக்கில் பிறந்தவர் ஹைதர் அலி. அப்பா ஃபத் முஹம்மது, ஆற்காடு நவாப் படையில் வேலை பார்த்தவர். அவர் பொறுப்பில் இருந்தது 50 பேர் கொண்ட ஒரு ராக்கெட் பிரிவு.

ராக்கெட் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மூங்கில் குழாயில் மருந்தை அடைத்துப் பற்றவைக்கும் வாணம் அது. பெரும்பாலும் சைகை காட்டப் பயன்பட்டது. இரவில் ஒரு வாணம் உயரப் போனால், தூரத்தில் இருக்கும் படைக்குத் தகவல் போய்விடும். அன்றைய வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபத் முஹம்மது பிறகு சிரா நவாபிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கே நடந்த ஒரு சண்டையில் இறந்துபோனார். ஹைதருக்கு அப்போது ஏழெட்டு வயதுகூட ஆகியிருக்காது. அப்பா சேர்த்து வைத்த சொத்து பறிபோனது. கடன் பாக்கி என்று சொல்லி அந்தக் குடும்பத்தை வதைத்தார்கள். ஹைதரும் அண்ணன் ஷாபாஸும் உறவினர் தயவில் வளர்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் பக்கம் போக வாய்ப்பே கிடைக்கவில்லை. கடைசிவரை ஹைதர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நினைவாற்றல் அபாரம். கன்னடம், தெலுங்கு, மராத்தி, தமிழ், இந்துஸ்தானி என ஐந்து மொழிகளில் பேசக்கூடியவர். கணக்கை ஒருவர் வாசிக்க, கடிதத்தை இன்னொருவர் எழுத, எல்லாவற்றையும் காதில் வாங்கி மனதில் வைத்துக்கொள்வது அவர் பாணி.

அண்ணன் மைசூர் படையில் சேர, தம்பியும் பின்னாலேயே போனார். 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதர் காட்டிய துணிச்சல், மைசூரின் அதிகாரம் மிக்க அமைச்சர் நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. அங்கிருந்துதான் ஏறுமுகம்.

செஞ்சியும் திருச்சியும் கற்றுக்கொடுத்த பாடம்

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். முகாமில் பெரும் குழப்பம். அந்தக் களேபரத்தில் ஹைதரின் ஆட்கள் நிஜாமின் கருவூலத்தில் ஒரு பகுதியை ஒட்டகங்களில் ஏற்றிக்கொண்டு நழுவிவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஹைதர் தன் படையைப் பெருக்கினார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய்களை வைத்துத் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அடுத்து திருச்சி. ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்து மோதிய காலம் அது. மைசூர் படையும் வருடக்கணக்கில் அங்கே முகாமிட்டது. ஹைதர் அங்கே ஐரோப்பியர்கள் சண்டை போடும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். எண்ணிக்கையில் குறைவான படை, ஒழுங்காக வரிசைகட்டி நின்று, பீரங்கியைக் கணக்காகப் பயன்படுத்தினால், பல மடங்கு பெரிய குதிரைப்படையையும் சிதறடிக்க முடிகிறது என்பது அவருக்குப் புரிந்தது.

நம்மூர் ராஜாக்களும் பாளையக்காரர்களும் பீரங்கியை விலைகொடுத்து வாங்கினார்கள். வாங்கியது பழுதானால் விற்றவரிடமே போய் நிற்க வேண்டும். விற்றவரே எதிரியாகிவிட்டால்? இந்தக் கேள்விக்கு ஹைதர் விடை தேடிய இடம்தான் திண்டுக்கல்.

1755: திண்டுக்கல்லின் புதிய ஃபவுஜ்தார்

கொங்குப் பகுதியிலிருந்து மதுரைக்கு இறங்கும் வழியில், மேற்கே பழனி மலையும் கிழக்கே சிறுமலையும் நிற்க, நடுவே விரிந்து கிடக்கும் சமவெளியில் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது திண்டுக்கல் மலைக்கோட்டை. தலையணைத் திண்டு மாதிரி இருப்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை இது. மேலே ஏறி நின்றால் நாலு பக்கமும் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இந்தக் கோட்டை கையில் இருந்தால் மதுரைக்குப் போகும் பாதை கையில் இருப்பதாக அர்த்தம்.

1740களில் இது மைசூர் வசம் போனது. ஆனால் சுற்றியிருந்த பாளையக்காரர்கள் மைசூருக்கு வரி கட்டுவதில் அக்கறை காட்டவில்லை. அவர்களை அடக்க 1755இல் அனுப்பப்பட்டவர்தான் ஹைதர். ஃபவுஜ்தார், அதாவது படைத் தளபதியும் நிர்வாகியும் சேர்ந்த பதவி. அப்போது அவர் கையில் இருந்தது சுமார் 3,000 காலாட்படையும் 1,500 குதிரைப்படையும்.

பழனி, விருப்பாட்சி பாளையங்கள் உட்படப் பலரை அடுத்தடுத்துப் பணியவைத்தார். இதை வெறும் வீரக்கதையாகப் படித்துவிட முடியாது. வரி என்பது கடைசியில் வயலில் நின்றவர் கொடுத்தது. படை போன வழியெல்லாம் ஆடு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கொள்ளையில் கிடைத்ததில் பாதி சிப்பாய்க்கு, பாதி ஹைதருக்கு என்று ஒரு ஏற்பாடே இருந்தது. அந்தப் பாதியை ஒன்றுவிடாமல் கணக்கு வைத்தவர் கந்தே ராவ் என்ற கணக்கர். பின்னால் வரும் ஆயுதப் பட்டறைக்கு முதலீடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், திண்டுக்கல் சமவெளியின் களத்துமேடுகளையும் மாட்டுத் தொழுவங்களையும்தான் காட்ட வேண்டும்.

மஞ்சள் கட்டு போட்ட கணக்கு

ஹைதரின் திண்டுக்கல் நாட்கள் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி மார்க் வில்க்ஸ் என்பவர் எழுதியது. அவர் மைசூரில் பணியாற்றிய கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. எதிர்த்தரப்பு ஆள் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் இது. ஒரு சண்டைக்குப் பிறகு, தன் படையில் நூற்றுக்கணக்கானோர் காயமடைந்ததாக ஹைதர் தலைநகருக்குத் தகவல் அனுப்பினார். காயமடைந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார். உண்மையில் காயமடைந்தவர்கள் எழுபது பேர்கூட இல்லை. ஹைதர் என்ன செய்தார் தெரியுமா? நல்லா இருந்த சிப்பாய்களின் கை கால்களிலும் மஞ்சள் தடவிய துணியைச் சுற்றி வரிசையாக உட்கார வைத்துவிட்டார். வந்தவர் எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு போனார். பணமும் வந்து சேர்ந்தது.

இப்படி அரசின் பணம், கொள்ளைப் பணம், வரிப்பணம் எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ந்தது. அரசின் தளபதியாக வந்தவரின் கையில், அரசுக்கே தெரியாத அளவு காசு புழங்கத் தொடங்கியது.

கோட்டை ஊரில் ஒரு பட்டறை

அந்தக் காசை ஹைதர் செலவழித்த விதம்தான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. திருச்சி, புதுச்சேரி போன்ற இடங்களிலிருந்து கைதேர்ந்த கம்மாளர்களையும் கருமான்களையும் வரவழைத்தார். பிரெஞ்சு நிபுணர்களை அவர்களுக்கு மேற்பார்வையாளர்களாக வைத்தார். பீரங்கிப் படை, ஆயுதக் கிடங்கு, வெடிமருந்துக் கூடம் என முறையான ஒரு அமைப்பு திண்டுக்கல்லில் உருவானது.

இன்றைய மொழியில் சொன்னால், ஆயுதத்தை இறக்குமதி செய்வதற்குப் பதில் அதைச் செய்யத் தெரிந்தவர்களை இறக்குமதி செய்தார். உள்ளூர் ஆட்கள் பக்கத்திலேயே நின்று வேலை கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். சமூக ஊடகங்களில் உலகின் முதல் ராக்கெட் திண்டுக்கல்லில் செய்யப்பட்டது என்கிற ரேஞ்சுக்குச் சிலர் எழுதுவார்கள். ராக்கெட் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவில் இருந்தது. மைசூர் ராக்கெட்டுகள் பெருமளவில் தயாரானது ஸ்ரீரங்கப்பட்டினம், பெங்களூரு போன்ற ஊர்களில். திண்டுக்கல்லில் நடந்தது அதற்கு முந்தைய அத்தியாயம்: சொந்தப் பட்டறை, சொந்தக் கைவினைஞர்கள், வெளியிலிருந்து வாங்கிய அறிவு என்ற ஃபார்முலாவை ஹைதர் முதலில் சோதித்துப் பார்த்த இடம் இது. அதேபோல, இன்றைய திண்டுக்கல் பூட்டுக்கும் ஹைதரின் பட்டறைக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பூட்டுத் தொழில் பிற்காலத்துக் கதை.

திண்டுக்கல்லில் இருந்தபடியே ஹைதர் மதுரைப் பக்கமும் கை நீட்டிப் பார்த்தார். 1757இல் அந்த முயற்சியை நத்தம் கணவாய் அருகே தடுத்து நிறுத்தியவர், கம்பெனிப் படையில் இருந்த யூசுப் கான். ஆம், நமக்கு மருதநாயகம் என்று தெரிந்தவரேதான்.

மூங்கிலில் இருந்து இரும்புக்கு: என்ன மாறியது?

இதைப் புரிந்துகொள்ள தீபாவளி ராக்கெட் போதும். காகிதக் குழாய், உள்ளே மருந்து, பக்கத்தில் ஒரு குச்சி. பற்றவைத்தால் மருந்து எரிந்து வாயுவாக மாறி, கீழே இருக்கும் துளை வழியாகச் சீறுகிறது. அந்த வேகத்துக்கு எதிர்த்திசையில் குழாய் மேலே போகிறது. குச்சி இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று பறக்கும். குச்சிதான் அதற்கு வழிகாட்டி.

சரி, இன்னும் தூரம் போக வேண்டும் என்றால்? உள்ளே அழுத்தம் கூட வேண்டும். மருந்தை இன்னும் இறுக்கி அடைக்க வேண்டும். ஆனால் காகிதமும் மூங்கிலும் ஓர் அளவுக்கு மேல் அழுத்தம் தாங்காது. ராக்கெட் பறப்பதற்குப் பதில் பட்டாசாக வெடித்துவிடும்.

மைசூர்க்காரர்கள் செய்த மாற்றம் இங்கேதான். சுமார் 20 செ.மீ. நீளம், 4 முதல் 8 செ.மீ. விட்டம் கொண்ட இரும்புக் குழாயை, ஒரு முனையை மூடி, மூங்கில் கழியோடு தோல் வாரால் கட்டினார்கள். அடித்து அடித்துப் பதப்படுத்திய இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கியது. அரை கிலோ அளவு மருந்திலேயே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும் ராக்கெட் கிடைத்தது. சில ராக்கெட்டுகளில் கழிக்குப் பதில் வாளையே கட்டினார்கள்.

விண்வெளிப் பொறியாளர் ரோத்தம் நரசிம்மா 1985இல் இந்த ராக்கெட்டுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் முக்கியமானது. ஹைதர் காலத்தில் சுமார் 1,200 பேராக இருந்த ராக்கெட் படை, மகன் திப்பு சுல்தான் காலத்தில் சுமார் 5,000 பேராக வளர்ந்தது என்கிறது அவர் ஆய்வு. தூரத்துக்கு ஏற்ப எந்தக் கோணத்தில் ஏவ வேண்டும் என்று கணக்குப் போட அந்த வீரர்களுக்குப் பயிற்சி இருந்தது.

குறி தவறாத ஆயுதம் என்று சொல்லிவிட முடியாது. காற்றடித்தால் திசை மாறும். ஆனால் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் சீறி வந்து, தரையில் விழுந்தும் அடங்காமல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடும்போது, குதிரைகளும் மாடுகளும் மிரண்டு வரிசை கலைந்துவிடும். அதுவே போதுமானதாக இருந்தது.

தளபதியில் இருந்து ஆட்சியாளர்

மைசூர் அரசு சம்பளம் கொடுக்க முடியாமல் தள்ளாடியபோது, திண்டுக்கல்லிலிருந்து காசோடும் படையோடும் போய் நின்றவர் ஹைதர். 1758இல் கலகம் செய்த சிப்பாய்களுக்கு நிலுவையைத் தீர்த்துவைத்ததில், படை அவர் பக்கம் சாய்ந்தது. பெங்களூரு அவருக்கு ஜாகீராகக் கிடைத்தது.

1760இல் கணக்கர் கந்தே ராவ் அரண்மனையோடு சேர்ந்து ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். ஹைதர் தப்பியோட வேண்டியதாயிற்று. மறு வருடமே திரும்பி வந்து அதிகாரத்தைப் பிடித்தார். கந்தே ராவைக் கூண்டில் அடைத்து, கிளி மாதிரி பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார் என்பது அந்தக் காலத்தில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. உடையார் மன்னரை அரியணையில் விட்டுவைத்து, ஆட்சியை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். 1761 முதல் மைசூர் என்றால் ஹைதர்தான்.

1767இல் தொடங்கிய முதல் ஆங்கிலோ-மைசூர் போரில் திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போய், மறுபடி ஹைதரிடம் வந்தது. 1769இல் ஹைதரின் குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்து நிற்க, கம்பெனி சமாதானம் பேசியது.

அதே திண்டுக்கல் வட்டாரத்தில் நடந்த இன்னொரு விஷயம் நமக்கு நெருக்கமானது. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார், விருப்பாட்சி பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். ஹைதரின் ஆதரவோடு படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். ஒரு காலத்தில் ஹைதர் படையெடுத்துப் பணியவைத்த அதே விருப்பாட்சிதான், அவருடைய நட்பு வளையத்துக்குள் இருந்தபடி ராணிக்கு இடம் கொடுத்தது.

பொள்ளிலூர், 1780

அந்த ஆண்டு ஹைதர் மீண்டும் கம்பெனியோடு மோதினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை சுற்றிவளைக்கப்பட்டது. சண்டையின் நடுவே ஆங்கிலேயர்களின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ராக்கெட் பட்டுத்தான் வெடித்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பெய்லி சிறைபிடிக்கப்பட்டார். இந்தியாவில் கம்பெனிப் படை சந்தித்த மிக மோசமான தோல்விகளில் அதுவும் ஒன்று.

வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆற்காடு, காஞ்சிபுரம், சென்னைச் சுற்றுவட்டார கிராமங்களை ஹைதரின் படை கொளுத்தியது. எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். தானியம் மக்களுக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடங்களில் பஞ்சம் வந்தது. வடதமிழகத்தில் பல தலைமுறைகளுக்கு ஹைதர் என்ற பெயரோடு பயமும் சேர்ந்தே இருந்தது.

1782 டிசம்பர் 7 அன்று, போர் முடியும் முன்பே, சித்தூருக்கு அருகே தன் முகாமில் ஹைதர் இறந்தார். முதுகில் வந்த ஒரு கட்டிதான் காரணம். உடல் பிறகு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

9,000 காலிக் குழாய்கள்

திண்டுக்கல் 1792 ஒப்பந்தத்தில் நிரந்தரமாகக் கம்பெனியிடம் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு கொல்லப்பட்டபோது, ஆங்கிலேயர்கள் அங்கே கண்டெடுத்தவற்றில் ஏவத் தயாராக இருந்த 700 ராக்கெட்டுகளும், மருந்து அடைக்கப்படாத 9,000 காலிக் குழாய்களும் அடங்கும்.

மாதிரிகள் கப்பல் ஏறி இங்கிலாந்தின் வூல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பின்பற்றி ஆராய்ந்து, பெரிய அளவில் ராக்கெட் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அந்த ராக்கெட்டுகளால் எரிந்தது. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டை மீது அவை பாய்ந்த காட்சிதான், அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் என்ற சொல் இடம்பெறக் காரணம்.

இங்கே பட்டறைகள் மூடின. கைவினைஞர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியபோது, அது அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்-அப்பாச்சி. அதே வருடம் பயிற்சிக்காக நாசாவின் வாலப்ஸ் மையத்துக்குப் போயிருந்த ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம், அங்கே சுவரில் ஒரு ஓவியத்தைப் பார்த்தார். ராக்கெட் ஏவும் திப்புவின் படை. ஊரில் பலரும் மறந்ததை நாசா சுவரில் மாட்டி வைத்திருந்ததை அவர் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. ஹைதர் 1763இல் கைப்பற்றி, தன் பெயரையே சூட்டிய ஊர் அது.

சரி, லேசர் எங்கே வருகிறது?

இரும்புக் குழாய் ஒரு சிக்கலைத் தீர்த்தது. இன்னொரு சிக்கல் அப்படியே இருக்கிறது: ராக்கெட் தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டும். அதிக உயரம் போக அதிக எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள்.

சந்திரயான்-3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் அதை ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். அது சுமந்துபோன சந்திரயானின் எடை 4 டன்னுக்கும் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி எரிபொருள்.

இதற்கு அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் 1972இல் ஒரு யோசனை சொன்னார்: நெருப்பைத் தரையிலேயே வைத்துவிட்டால் என்ன? தரையில் பெரிய லேசர். அதன் கற்றை ராக்கெட்டின் அடிப்பாகத்தில் பாய்கிறது. அங்கே இருக்கும் கண்ணாடி அதைக் குவிக்கிறது. குவிந்த இடத்தில் காற்றோ, கொஞ்சமாக எடுத்துச் சென்ற ஒரு வாயுவோ பயங்கரமாகச் சூடாகி விரிந்து சீறுகிறது. ராக்கெட் மேலே போகிறது. அடிப்படை அதே தீபாவளி ராக்கெட்தான். பற்றவைக்கும் நெருப்பு மட்டும் ஊரில் இருக்கிறது.

ஒளி நேரடியாகத் தள்ளாதா? தள்ளும், ஆனால் ரொம்ப மெதுவாக. 1,000 மெகாவாட் ஒளியை ஒரு கண்ணாடி முழுசாகத் திருப்பி அடித்தாலும், கிடைக்கும் விசை முக்கால் கிலோ கத்தரிக்காயைத் தூக்கக்கூடப் போதாது. விண்வெளியில் நீண்ட காலம் தள்ளிக்கொண்டே இருந்தால் அதற்குப் பலன் உண்டு. ஜப்பான் 2010இல் அனுப்பிய இகாரோஸ் சூரிய ஒளியில் பாய்மரக் கப்பல் மாதிரி நகர்ந்தது. தரையில் இருந்து கிளம்ப, சூடாக்கும் வழிதான் சரிப்படும்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பொறியாளர் லீக் மைராபோ இதைச் செய்து காட்டினார். சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு சின்ன பம்பரம் போன்ற கலம். 10 கிலோவாட் லேசர் துடிப்புகள் அதன் அடியில் பாய, அது 71 மீட்டர் உயரம் வரை போனது.

இறங்கும்போதும் இதே தத்துவம் உதவும். கீழே வரும் கலத்துக்குத் தரையிலிருந்து ஒளி பாய்ச்சினால், அது பிரேக் மாதிரி வேலை செய்யும். இறங்குவதற்கான எரிபொருளையும் முழுசாகச் சுமக்கத் தேவையில்லை. நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டரில் உயரத்தையும் வேகத்தையும் அளக்க லேசர் கருவிகள் இருந்தன. ஆனால் வேகத்தைக் குறைத்தது, அது பூமியிலிருந்து சுமந்து போன எரிபொருள்தான்.

பின் ஏன் இன்னும் வரவில்லை? முதல் காரணம் மின்சாரம். ஒரு கிலோவைச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற சுமார் ஒரு மெகாவாட் லேசர் வேண்டும் என்பது இத்துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. ஒரு டன்னுக்கு 1,000 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை முழுத்திறனில் தரும் அளவு அது. இரண்டாவது, மேகம். ஒரு மழை மேகம் குறுக்கே வந்தால் கற்றை அறுந்துவிடும். மூன்றாவது காரணம், ஹைதர் கதையைப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். விண்கலத்தைத் தூக்கும் அளவு வலிமையான லேசர், விண்ணில் இருக்கும் அடுத்த நாட்டு செயற்கைக்கோளைச் சேதப்படுத்தவும் முடியும். வாகனமும் ஆயுதமும் ஒரே பட்டறையில் பிறப்பது ராக்கெட்டோடு முடிந்த விஷயமல்ல.

திண்டுக்கல்லில் என்ன மிச்சம்?

மலைக்கோட்டை இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மேலே பீரங்கி மேடைகளையும் கிடங்குகளையும் பார்க்கலாம். ஊருக்குள் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. பேகம்பூர் என்ற பெயரே அவரால் வந்ததுதான். பட்டறையில் இரும்பு அடித்தவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் அதை எழுதிவைக்கவில்லை. ஹைதருக்கு எழுதவே தெரியாது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில், குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து காலையில் கார் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அங்கிருந்து கிளம்பப் போகும் ராக்கெட்டுகளும் எரிபொருளைச் சுமந்துகொண்டுதான் போகும்.

ஒருநாள் ஒளி அந்தச் சுமையை இறக்கிவைக்கலாம். அன்றைக்கு இன்றைய ராக்கெட்டுகளை நம் பேரப்பிள்ளைகள் ‘ஹைதர் காலத்து’ சாமான் என்று சொல்லக்கூடும். அந்த லேசரை நாம் செய்வோமா, செய்தவரிடம் வாங்குவோமா என்பதுதான் கேள்வி. 1755இல் அந்தக் கேள்விக்குத் திண்டுக்கல்லில் விடை சொன்னவர் அதற்கான காசைச் சமவெளியின் விவசாயிகளிடமிருந்து பறித்தார். இந்த முறை செலவுக் கணக்கை யார் பார்ப்பது என்பதையும் நாமே முடிவு செய்துகொள்ள முடியும்.